அரை மணி முன்னால் ஓடும் கடிகாரம்

உலகத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் கூடி ஒரு மாநாடு போட்டால், அதில் நிறைவேறும் முதல் தீர்மானம் சித்தியைக் கண்டித்துத்தான் இருக்கும். சித்தி தெருவில் நடந்து போனால் போதும், போகிற வருகிறவர்களின் பைக்குள் இருக்கும் போன்கள் பயந்துபோய், போன வருஷம் அழித்த படங்களைக்கூடத் தாமாகவே கக்கிவிடும். நிலாவில் யாராவது ஒரு பென் டிரைவைத் தொலைத்துவிட்டு வந்தால், சித்தி மொட்டைமாடியில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தே அதில் என்ன இருந்தது, அதைக் கடைசியாகத் தொட்டது யார், தொட்டவன் கை கழுவினானா இல்லையா என்பது வரை சொல்லிவிடுவாள்.

இவ்வளவு பெரிய ஆளுக்கு வீட்டில் என்ன மதிப்பு என்றால், சமையலறையில் வெங்காயம் உரிக்கும் வேலை அவளுடையது.

பயங்கரவாதத் தடுப்புப் பிரிவில் கைப்பற்றி வரும் கம்ப்யூட்டர்களையும் போன்களையும் பிரித்து, உள்ளே இருப்பதைப் பரிசோதித்துச் சாட்சி சொல்வது சித்தியின் உத்தியோகம். அதை வெளியில் சொல்லக் கூடாது என்பதால், அவளுடைய அக்கா, அதாவது வீட்டின் எஜமானி, அக்கம்பக்கத்தில் "என் தங்கச்சி போன் ரிப்பேர் பண்றா" என்று ஒரு போடு போட்டு வைத்திருந்தாள். விளைவு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடி உடைந்த போன்களோடு வாசலில் கூட்டம் நிற்கும். எதிர்வீட்டுக்காரி ஒருமுறை, "பயங்கரமா சூடாகுதும்மா, கொஞ்சம் பாரேன்" என்று நீட்டினாள். பயங்கரம் என்ற சொல்லைக் கேட்டதும் சித்தி ஒரு நொடி நிமிர்ந்து உட்கார்ந்தாளாம். அப்புறம் வாங்கிப் பார்த்துவிட்டு, "அடுப்பு மேடையில வெக்காதீங்க, சரியாயிடும்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

தொழில் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பிஸ்கெட் டப்பா காலியாகக் கிடந்தால் சித்தி முதலில் அதைத் தொட மாட்டாள். கிடக்கிறபடியே படம் எடுப்பாள். பிறகு, "மூடிய இடது கையால திறந்திருக்காங்க" என்பாள். வீட்டில் இடது கைக்காரி ஒருத்திதான்: அக்காள் மகள். அவளுக்கு வாலு என்று பெயர் வைத்ததும் சித்திதான். தூங்கப் போகும்போது சித்தி தன் போனைச் சிக்னல் நுழையாத பைக்குள் போட்டு மூடிவிடுவாள். கையில் கடிகாரம் கட்ட மாட்டாள். பெட்டிகளைத் திறக்கிற கையில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று பழகிய பழக்கம். அதனால் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பாள், பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பாள்: "மணி என்ன?" ஆபீசில் அவளுக்கு 'என்னமணி மேடம்' என்றே பெயர்.

அந்த என்னமணி மேடம் இன்றைக்கு ஊரை விட்டுப் போகிறாள். வேறொரு நகரத்தில், புதிதாகச் சேர்பவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் இடத்துக்கு மாற்றல். ஆறு மணிக்கு ரயில் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வருஷத்தில் ஒன்றிரண்டு முறை வந்தால் அதிகம். அவளுடைய அறையில் இப்போது கட்டிலும், சுவரில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியும்தான் மிச்சம்.

சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்த சித்தி எழுந்து கூடத்துக்கு வந்தாள். வழக்கம்போல் சுவரைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள். பிறகு சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, அங்கிருந்த கடிகாரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னும் நேரமிருக்கு சித்தி. நிதானமா டீ குடி" என்றாள் வாலு. அன்றைக்குப் பார்த்து அவளே டீ போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"நீ டீ போட்டியா?"

"ஏன், போடக்கூடாதா?"

"போடலாம். முதல் தடவை, அதான் கேட்டேன்."

டீ வாயில் வைக்க முடியாதபடி இனித்தது. சித்தி அதையும் குடித்தாள். கூடத்துச் சுவரில் தொங்கிய வட்டக் கடிகாரத்திலிருந்து அவள் கண் நகரவில்லை. ஓரத்தில் விரிசல் விட்ட, வெள்ளை மஞ்சளாகிப் போன பழைய கடிகாரம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அது அரை மணி முன்னால் ஓடும். ஏழரை என்றால் ஏழு. வாலு மணி பார்க்கக் கற்றுக்கொண்டதே கழித்தல் கணக்கோடுதான். அந்தக் கடிகாரத்தைப் பார்த்தால் சித்திக்குப் பழைய லேப் ஞாபகம் வந்துவிடும்.

அது ஜன்னல் இல்லாத அறை. உள்ளே மின்விசிறிகளின் உறுமல் ஓயாது. ஓர் ஆள் பேசுவதை இன்னொருவர் பாதி வாயசைவிலிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு ஹார்ட் டிஸ்க்கை நகலெடுக்கப் போட்டால் வெந்நீர் போட்டுக் குளித்து, துணி துவைத்துக் காயப்போட்டு வரலாம், அப்போதும் பாதிதான் ஆகியிருக்கும். அசலைத் தொடக் கூடாது, நகலில்தான் வேலை. காத்திருக்கிற அந்த நேரமெல்லாம் பேச்சுதான். சீல் வைக்கிற அண்ணன் ஒருவர் இருந்தார், 'அரக்கு' என்று பெயர். தன் சாப்பாட்டுப் பைக்கும் சீல் வைத்துவிட்டுத்தான் வெளியே போவார். அப்படியும் யாரோ அதிலிருந்து முட்டையைத் திருடினார்கள். தடயவியல் ஆட்கள் நிறைந்த அறையில் கடைசி வரை துப்புத் துலங்காத ஒரே வழக்கு அதுதான். அதிகாரிக்கு 'ஆமை சார்' என்று பெயர். எதற்கும் அவசரப்பட மாட்டார். இப்போதைய லேபில் எல்லாம் சத்தமில்லாமல், சட்டென்று முடிந்துவிடுகிறது. பேசுவதற்கு நேரமே இல்லை என்பது சித்தியின் குறை.

அந்த லேபில் ஆமை சார் ஒரே ஒரு முறை அவசரப்பட்டார். ரயில் பாலத்துக்கு அடியில் ஒரு பை கிடைத்தது. வெடிக்கவில்லை; வெடித்திருந்தால் மாலை ரயில் கூட்டத்தோடு போயிருக்கும். பைக்குள் பாலத்தின் வரைபடம் ஒன்று, அச்செடுத்தது. அது ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்சானது என்று கண்டுபிடித்து, கடையின் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேலிடத்திலிருந்து நிமிஷத்துக்கு ஒரு போன். சித்தி வேலைக்குச் சேர்ந்த புதிது. பெட்டியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றி, நகலெடுத்து, அலசினாள். ஒரு பென் டிரைவிலிருந்து வரைபடம் திறக்கப்பட்டிருக்கிறது, பை கிடைப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் நாலே முக்காலுக்கு அச்சாகியிருக்கிறது. அப்படியே எழுதிக் கொடுத்தாள்.

ஜெராக்ஸ்காரரை விசாரித்தார்கள். "அன்னிக்கு நாலு மணிக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வர ஸ்கூலுக்குப் போயிருந்தேன். நாலரைக்கெல்லாம் கடைக்கு வந்துட்டேன்" என்றார் அவர். நாலே முக்காலுக்குக் கடையில் இருந்தது யார்? அவர்தான். யாருக்கு அச்சடித்தீர்கள் என்றால், "அப்படி ஒண்ணை நான் பார்க்கவே இல்லைங்க" என்கிறார். பள்ளி விடும் முன்பே அவரைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள்.

மறுநாள் சித்தி டீ வாங்க வெளியே வந்தபோது, வாசல் பெஞ்சில் ஒரு சின்னப் பெண் யூனிபார்மோடு உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் யாரோ உறவுக்கார அம்மாள். "அப்பா எப்பவும் முன்னாடியே வந்து நிப்பாரு. நேத்து வரல" என்று அந்தக் குழந்தை காவலுக்கு நின்றவரிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தது. அழவில்லை. புகார் மட்டும்தான்.

சித்தி டீயை மறந்துவிட்டு உள்ளே போனாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை, கடையில் பொருள்களை எடுக்கும் முன் போலீஸ்காரர்கள் எடுத்த படங்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு படத்தில் கடைச் சுவரில் ஒரு வட்டக் கடிகாரம். படம் எடுத்ததாகக் குறித்திருந்த நேரத்துக்கு அது அரை மணி முன்னால் காட்டியது. சரி, கடைக் கடிகாரம், கெட்டுப் போயிருக்கும். ஆனால் அதே படத்தில் கம்ப்யூட்டர் திரையின் மூலையிலும் மணி தெரிந்தது. அதுவும் அதே அரை மணி.

கடிகாரங்கள் தாமாகக் கெட்டால், ஒவ்வொன்றும் அதனதன் போக்கில்தான் கெடும். ஒன்று கொஞ்சம் முந்தும், ஒன்று கொஞ்சம் பிந்தும். இரண்டும் ஒரே அளவு பொய் சொன்னால், பின்னால் ஒரு கை இருக்கிறது.

அப்போதுதான் சித்திக்குத் தன் தப்பு தெரிந்தது. கம்ப்யூட்டரின் கடிகாரம் டிஸ்க்கில் இருக்காது. பெட்டிக்குள், பலகையில், பொத்தான் அளவு பேட்டரியோடு தனியாக ஓடும். டிஸ்க்கைக் கழற்றியதும் பெட்டியைத் தனியாக இயக்கி, அதன் கடிகாரத்தைச் சரியான நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அதுதான் முதல் பாடம். அவசரத்தில் அதை விட்டிருந்தாள். கைப்பற்றிய பொருள்களை வைக்கும் அறைக்கு ஓடி, அரக்கு அண்ணனைக் கெஞ்சிச் சீலை உடைக்கச் சொல்லி, டிஸ்க் இல்லாத வெறும் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தாள். அரை மணி முன்னால்.

அப்படியென்றால் வரைபடம் அச்சானது நாலேகாலுக்கு. அந்த நேரத்தில் ஜெராக்ஸ்காரர் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்திருப்பார்.

ஆமை சாரிடம் போய் நின்றாள். "சார், என் ரிப்போர்ட் தப்பு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "தப்புன்னு எழுதறதுக்குத் தனிப் பேப்பர் ஏதும் கிடையாதும்மா. அதே பேப்பர்தான். எழுதிக் குடு, நான் கையெழுத்துப் போடறேன்."

"வேலை போயிடுமா சார்?"

"போகாது. திட்டு விழும். நான் பக்கத்துல நிக்கறேன், பாதிப் பாதி வாங்கிக்கலாம்."

கடைக்கு எதிரே இருந்த வங்கிக் கேமராவில் நாலேகாலைப் போட்டுப் பார்த்தார்கள். ஜெராக்ஸ்காரர் இல்லாத கடைக்குள் தொப்பி போட்ட ஒருவன் நுழைந்து, காகிதத்தோடு வெளியே வந்தான். பள்ளி வாசல் காவலாளி, "அவரா, தினமும் எல்லாருக்கும் முன்னாடி வந்து நிப்பாரே" என்றார். அன்று சாயங்காலமே ஜெராக்ஸ்காரரை விட்டுவிட்டார்கள். தொப்பிக்காரன் அந்த வாரத்துக்குள் பிடிபட்டான்.

வெளியே வந்தவரிடம் சித்தி கேட்டாள், "கடிகாரம் முன்னால ஓடுதுன்னு ஏன்ணே சொல்லல?"

"யாரும் கேக்கலையேம்மா." அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. "ஒரு நாள் லேட்டாப் போனேன். பாப்பா ஸ்கூல் வாசல்ல தனியா நின்னுட்டிருந்துச்சு. அன்னிக்கு வந்து ரெண்டையும் முன்னால திருப்பி வெச்சேன். அரை மணி கைல இருந்தா, எவன் வந்து பிடிச்சு வெச்சாலும் போய்ச் சேந்துடலாம்ல."

பல வருஷம் கழித்து, பெண்ணுக்குக் கல்யாணமாகி, கடையை மூடியபோது, அவர் அந்தச் சுவர்க் கடிகாரத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு லேபுக்கு வந்தார். பரிசுப் பொருள் வாங்கக் கூடாது என்று சித்தி பின்வாங்கினாள். ஆமை சார் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தப்பான மணி காட்டுது. பழுதான சாமான். பழுதான சாமானை யாரு பரிசுன்னு சொல்லுவா? எடுத்துக்கோ" என்று தீர்ப்புச் சொன்னார். ஜெராக்ஸ்காரர் கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: "சரி பண்ணிடாதீங்கம்மா." சித்தி சரிபண்ணவில்லை. பேட்டரி மாற்றும்போதெல்லாம் கவனமாக அந்த அரை மணியைத் திரும்ப வைத்துவிடுவாள்.

டீ டம்ளரின் அடியில் கரையாத சர்க்கரை தெரிந்தது. ஆமை சார் இப்போது இல்லை. அரக்கு அண்ணன் மகன் வீட்டோடு போய்விட்டார். அந்த ஜன்னல் இல்லாத அறையை இடித்து வண்டி நிறுத்துமிடமாக்கிவிட்டார்கள். சித்தி டம்ளரைக் கீழே வைத்தாள்.

அக்கா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "கிளம்பலையாடி? மணி என்ன ஆச்சு?"

"நாலரைதாம்மா ஆகுது" என்று சித்திக்கு முன்னால் வாலு பதில் சொன்னாள்.

"போனும் நாலரைங்குது. ஆனா எனக்கென்னவோ ரொம்ப நேரமான மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சித்தி எழுந்து, கூடத்துக் கடிகாரத்தின் அடியில் போய் நின்றாள். "வாலு, இங்க வா."

"என்ன சித்தி?"

"இது என்ன காட்டுது?"

"நாலரை."

"சமையக்கட்டுல இருக்கறது?"

"அதுவும் நாலரை."

"உங்கம்மா அலாரம்? அவ போன்?"

வாலு கழுத்தைச் சொறிந்தாள். "எல்லாம் நாலரைதான். ஏன்?"

"இந்த வீட்ல நாலு கடிகாரமும் ஒரு நாள்கூட ஒண்ணாப் பேசினதில்ல. சமையக்கட்டுல இருக்கறது பின்தங்கும், அலாரம் முந்தும், இது அரை மணி முன்னால ஓடும். இன்னிக்கு எல்லாம் சேந்து கோரஸ் பாடுது." சித்தி கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். தூசி படிந்த விளிம்பின் இடது பக்கத்தில் மட்டும் நாலு விரல் பளிச்சென்று துடைத்தாற்போல இருந்தது. "நிஜ மணிக்கு எவ்வளவு பின்னால வெச்ச?"

தப்பிக்க வழியில்லை. "ஒரு மணி நேரம்" என்றாள் வாலு தரையைப் பார்த்துக்கொண்டு. "ரயில் போனா அடுத்தது நாளைக்குத்தானே. அதான்."

சித்தி கடிகாரத்தைத் திருப்பினாள். பின்புறத் திருகைப் பிடித்து முள்ளை முன்னால் நகர்த்தினாள். ஐந்தரையைத் தாண்டி, இன்னும் அரை மணி. சுவரில் மாட்டி, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள்.

"அப்போ இப்ப அஞ்சரையா? ஐயோ, ரயில் போயிடுமே" என்றாள் வாலு. ஜெயித்த குரலாகத்தான் ஆரம்பித்தது. முடியும்போது அழுகை வந்துவிட்டது.

"போகாது. ரயில் ஏழு மணிக்கு." சித்தி திரும்ப நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டாள். "நீ ஏதாவது பண்ணுவேன்னு தெரிஞ்சுதான் போன வாரமே ஆறுன்னு சொல்லி வெச்சேன். உக்காரு. உனக்குன்னு முன்னால எடுத்து வெச்ச நேரம்தான் இது. அடுத்த டீக்குச் சர்க்கரையை நான் போடறேன்."