ஷேர் ஆட்டோ பேபியும் வருஷத்துக்கு ஒரு ஊசியும்

முத்தாபுதுப்பேட்டை பேபி ஷேர் ஆட்டோ ஓட்ட வந்த கதையை அந்தப் பக்கத்தில் பலர் பல மாதிரி சொல்வார்கள். அவளே சொன்னால் இரண்டு வரிதான். "டெய்லி ஆட்டோல குந்திகினு அந்தாளுங்க ஓட்டறதப் பாத்தேன். இத நம்மளே நல்லா ஓட்டலாமேன்னு தோணுச்சு."

அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் அறுத்தும் காலம் தள்ளியவர்கள். அந்த நிலமெல்லாம் பிளாட் போட்டு விற்றுப்போன பிறகு, பேபி அம்பத்தூரில் ஒரு துணி கம்பெனியில் தையல் மிஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அங்கே கழுத்தைக் குனித்துத் தைத்த வருஷங்கள் போதும் என்று ஒரு நாள் தோன்றியது. பெயின்ட் வேலை பார்க்கும் கணவன் மதுரைவீரனிடம் சொன்னாள். அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் தெரிந்தவர் வண்டியை வாங்கிவந்து, காலி மைதானத்தில் அவளை ஓட்டவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். லைசென்ஸ் வந்தது, பேட்ஜ் வந்தது, தவணையில் வண்டியும் வந்தது. ஆவடி ஸ்டேஷன் ஸ்டாண்டில் அவளுக்கு முன்னால் பெண் டிரைவர் யாரும் இருந்ததில்லை.

ஆம்பளைகளுக்கு நடுவில் நின்றதால் எதிலும் ஒரு படி அதிகமாகவே செய்து காட்டினாள் பேபி. முதல் ரயிலுக்கு வண்டி போடுவாள். டயர் பஞ்சரானால் யாரையும் கூப்பிட மாட்டாள். பயணி அரிசி மூட்டையோடு வந்தால், "நவுருங்க, நான் பாத்துக்கறேன்" என்று தானே தூக்கிப் பின்னால் போடுவாள். முதுகு நேராக, தோள் விரிந்து, ராணி மாதிரி உட்கார்ந்து ஓட்டுவாள். உடம்புக்கு என்று மாத்திரை வாங்கித் தின்றதில்லை என்பதில் அவளுக்குத் தனிப் பெருமை.

ஐம்பத்தெட்டாவது வயதில் அந்த முதுகுதான் அவளைக் கைவிட்டது.

சேக்காட்டிலிருந்து வந்த ஒரு அம்மாவின் அரிசி மூட்டையைத் தூக்கும்போது நடுமுதுகில் சுளீர் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு சவாரியை முடித்து, மூட்டையை இறக்கியும் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. சுளுக்கு என்று தைலம் தேய்த்தார்கள். வலி இறங்குகிற வழியாக இல்லை. மகள் நிஷா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள்.

எலும்பு டாக்டர் மைதிலி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அடுக்கி வைத்த செங்கல் மாதிரி இருந்த எலும்புகளில் ஒன்று மட்டும் முன்பக்கம் நசுங்கியிருந்தது.

"மூட்டை தூக்கினதுக்கே எலும்பு நசுங்கியிருக்குன்னா, எலும்பு ஏற்கெனவே வலுவிழந்திருக்கணும்" என்றார். பிறகு பழைய கதையெல்லாம் கேட்டார். "கர்ப்பப்பை ஆபரேஷன் ஆச்சுன்னு சொன்னீங்களே, எந்த வயசுல?"

"முப்பத்தெட்டு இருக்கும். எல்லாத்தயும் எடுத்துட்டாங்க."

"சினைப்பையும் போயிட்டா எலும்பைக் காப்பாத்தற சுரப்பு சின்ன வயசுலயே நின்னுடும். இது உங்க தப்பு இல்லைம்மா."

எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் ஸ்கேனும் அதையேதான் சொன்னது. வாரத்துக்கு ஒரு மாத்திரை, அல்லது வருஷத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் ஊசி என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். பேபி பாதியைத்தான் காதில் வாங்கினாள். முழுவதையும் கேட்டவள் நிஷா. இடுப்பில் பெல்ட்டோடு அம்மாவைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தவள், வாசல்படியிலேயே சொன்னாள்:

"ஊசியப் போட்டுகினு ஊட்ல இரும்மா. வண்டிய குடுத்துடலாம். நான் சம்பாதிக்கறேன்ல?"

அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து பேபிக்கு ஊசி என்றாலே வண்டியை விற்பது என்று ஆகிவிட்டது. "எனக்கு ஊசியும் வாணாம், ஒரு எழவும் வாணாம்" என்றாள்.

பக்கத்து வீட்டு வனஜா பார்க்க வந்தபோது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தாள். "எங்க நாத்தனாருக்கு எலும்பு மாத்திர குட்த்தாங்கக்கா. ஒரே நெஞ்செரிச்சல். தாட எலும்பே செத்துப்பூடும்னு வேற போன்ல போட்டுகீறான்." பேபி மகளைப் பார்த்தாள், கேட்டாயா என்பதுபோல. அன்று முழுவதும் தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

பெல்ட்டோடு படுத்திருந்த வாரங்களில் வாசலில் தார்ப்பாய் மூடிய வண்டி ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மதுரைவீரன் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு முறை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுபடி மூடிவிட்டுப் போவான். ஒரு நாள் பேபி கேட்டாள்.

"நீ இன்னாய்யா சொல்ற? ஊசி போடவா, வாணாவா?"

"உன் முதுகு, பேபி. டாக்டர்கிட்ட நீ இன்னா கேட்ட?"

பேபி யோசித்துப் பார்த்தாள். எதுவுமே கேட்கவில்லை. கேட்டதெல்லாம் நிஷாதான்.

வலி குறைந்து நடக்க முடிந்ததும் அவள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள். ரோட்டில் வந்த ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்திப் பின் சீட்டில் ஏறினாள். ஓட்டியவனுக்கு அவளைத் தெரியவில்லை. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் வண்டி எகிறி விழ, முதுகெலும்பு முழுக்கப் பயம் ஓடியது. பயம் என்பது எப்படியிருக்கும் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டாள். அது அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

டாக்டர் மைதிலியின் எதிரே உட்கார்ந்ததும் நேராகவே ஆரம்பித்தாள்.

"மேடம், அந்த ஊசி போட்டா பழைய எலும்பு திரும்பி வந்துருமா?"

"வராதும்மா. கொஞ்சம் உறுதியாகும். மறுபடி உடையற வாய்ப்பு நல்லா குறையும். உடையவே உடையாதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"போடாங்காட்டி?"

"ஒண்ணும் ஆகாமலும் போகலாம். ஆனா ஒரு எலும்பு நசுங்கினவங்களுக்கு அடுத்தது நசுங்கறது சுலபம். அப்படியே ஒண்ணொண்ணா போச்சுன்னா கூன் விழும், உயரம் குறையும். இடுப்பு உடைஞ்சா ரொம்ப கஷ்டம்."

"தாட எலும்பு செத்துப்பூடும்னு சொல்றாங்களே?"

டாக்டர் சிரிக்கவில்லை, மழுப்பவும் இல்லை. "ரொம்ப அபூர்வமா அந்த மாதிரி நடக்கும். இந்த மருந்து உடம்புல இருக்கறப்ப பல் பிடுங்கினாதான் அந்த ஆபத்து கூடும். அதனால மொதல்ல பல் டாக்டர்கிட்ட காட்டி, பிடுங்க வேண்டியது இருந்தா பிடுங்கி, புண் ஆறினதுக்கப்புறம்தான் ஊசி. கிட்னி, வைட்டமின் எல்லாம் ரத்தத்துல பாத்துக்குவோம். தொடையில காரணமில்லாம வலி வந்தா உடனே வரணும். மூணு வருஷம் போட்டுட்டு, தொடரணுமான்னு பாப்போம்."

"எனக்கு நேரத்துக்குத் துன்னாம துன்னாம ஏற்கெனவே நெஞ்செரிச்சல் கீது."

"அப்ப உங்களுக்கு மாத்திரையை விட ஊசிதான் சரி."

இத்தனை நாளாகப் பேபி கேட்காமல் வைத்திருந்த கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது.

"நான் வண்டி ஓட்டலாமா, மேடம்?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஓட்டக் கூடாதுன்னு யாரு சொன்னா? முதுகு நல்லா ஆறட்டும். முதுகுக்கு நல்ல சப்போர்ட் வெச்சு சீட்டை மாத்துங்க. பள்ளத்துல மெதுவா போங்க. தினமும் நடக்கணும், சொல்லித்தர்ற பயிற்சியைச் செய்யணும். ஆனா ஒண்ணு, மூட்டை தூக்கவே கூடாது."

வீட்டுக்குத் திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "நிஷா, நான் ஊசி போட்டுக்கப் போறேன்."

நிஷாவின் முகம் மலர்ந்தது. "அப்பாடா. வண்டிக்கு ஆளு பாக்கவா?"

"ஏய், வண்டி ஓட்டத்தான்டி ஊசியே போட்டுக்கறேன்."

நிஷா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பேபி டாக்டரிடம் கேட்டதையும் டாக்டர் சொன்னதையும் ஒன்று விடாமல் அவளுக்குச் சொன்னாள். பயணியாக ஆட்டோவில் போய்ப் பயந்ததையும் மறைக்கவில்லை. அம்மா பயந்ததாகச் சொல்லி நிஷா அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. கடைசியில், "நீ கூனிப்பூடுவியோன்னுதான் எனக்கு பயம்மா" என்றாள்.

"எனக்கும் அதான்டி பயம்" என்றாள் பேபி.

சொத்தைக் கடைவாய்ப்பல் ஒன்று இருந்தது. அதைப் பிடுங்கி, புண் ஆறும்வரை பொறுத்திருந்தாள். ஊசி போடும் நாளில் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லியிருந்ததால், ஸ்டாண்டில் மூத்தவரான ஞானசேகரன் அவளுடைய வண்டியையே எடுத்து அவளையும் நிஷாவையும் அழைத்துப்போனார். தன் வண்டியின் பின் சீட்டில் பேபி உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவளுக்கு வாய் ஓயவில்லை.

"அண்ணாத்தே, கிளட்ச்ச உடாத... தோ பள்ளம்... ஆரன் எதுக்கு, அது மாடு, அதுக்கு இன்னா தெரியும்..."

"யம்மா நிஷா, உங்கம்மாவுக்கு வாய்க்கும் சேத்து ஒரு ஊசி போடச் சொல்லு" என்றார் ஞானசேகரன்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது கொஞ்ச நேரம்தான். அன்று இரவு சொன்னபடியே காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் அடித்துப்போட்டது மாதிரி வலித்தது. மதுரைவீரன் கஞ்சி வைத்துக் கொடுத்தான். "இதுவும் வரும்னு அந்தம்மா சொன்னாங்க" என்று அவனுக்கு அவளே தைரியம் சொன்னாள். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது.

வண்டிக்குப் புது சீட்டு போட்டுக்கொண்டு அவள் ஸ்டாண்டுக்குத் திரும்பியது மழை விட்ட ஒரு காலையில். டீக்கடையில் எல்லோரும் இருந்தார்கள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு மறந்துவிட்டது.

"எனக்கு எலும்பு வீக்கா கீது. ஊசி போட்டுகினு வந்துகீறேன். இன்னாத்துக்கு சொல்றேன்னா, இனிமே நான் மூட்ட தூக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்தாள். ஞானசேகரன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"உன்ன எவம்மா தூக்கச் சொன்னான்? நாங்க யாராச்சும் தூக்கறமா? ஏத்தறது ஏறுறவன் வேல. நீயாதான் இத்தினி வருஷமா தூக்கிகினு கெடந்த."

பேபிக்கே சிரிப்பு வந்துவிட்டது. டீக்கடைக்காரர் கேட்காமலேயே அவளுக்கு ஒரு கிளாஸ் நீட்டினார்.

ஒரு வருஷம் போய் இரண்டாவது ஊசியும் ஆயிற்று. இன்னொரு எலும்பு நசுங்கவில்லை. காலையில் முத்தாபுதுப்பேட்டைத் தெருக்களில் கையை வீசி நடக்கிறாள். வனஜாவையும் இழுத்துக்கொண்டு போகிறாள். வண்டியில் ஏறும் பெண்களில், கர்ப்பப்பை எடுத்தவள் என்று பேச்சில் தெரிந்தால், "எலும்பு ஸ்கேன் ஒண்ணு எடுத்துப் பாத்துடு கண்ணு. ஊசி போட்றதும் போடாததும் அப்பால. டாக்டராண்ட எல்லாத்தயும் நீயே கேளு" என்கிறாள்.

நிஷா சாயங்காலம் கம்பெனி முடிந்து ரயிலை விட்டு இறங்கினால், கூட வேலை செய்யும் லாவண்யா முன்னால் நிற்கிற வண்டியில் ஏறப் பார்ப்பாள். நிஷா அவள் கையைப் பிடித்து நிறுத்திவிடுவாள்.

"இரு, அடுத்த வண்டி எங்கம்மா வண்டி. வராங்க பாரு."

தூரத்தில் வளைவில் மஞ்சள் வண்டி திரும்பும். மெதுவாகத்தான் வரும், பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இன்னும் மெதுவாக. ஓட்டுகிறவள் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருப்பாள்.