ஞாயிற்றுக்கிழமை மார்டினி

மாதங்கி தஞ்சாவூரில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மதுவை ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்ததில்லை. அவள் கணவர் கல்யாணம் சரக்குக் கப்பல்களில் என்ஜினியராக இருந்தவர். வேலையை விட்டு ஊரோடு வந்தபோது கூடவே வந்த பழக்கம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், ஜின் மதுவில் கலக்கிய ஒரே ஒரு மார்டினி. இரண்டாவது கிடையாது. மற்ற ஆறு நாளும் மோர்தான்.

கல்யாணமான புதிதில் இதற்காக அவள் அழுதிருக்கிறாள். பிறகு சமையலறைக்குள் பாட்டில் வரக்கூடாது என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டாள். அவரும் கூடத்து மூலையில் ஓர் அலமாரியும் சின்ன ஃப்ரிட்ஜும் வைத்துக்கொண்டார். அவர் அங்கே நின்று கலக்கும்போது அவள் பேப்பரை விரித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிடுவாள். ஐஸில் கரண்டி சுற்றும் சத்தம் மட்டும் காதில் விழும்.

அறுபத்தெட்டாவது வயதில் அவருக்கு மறதி நோய் வந்தது. முதலில் தெருப் பெயர்கள் போயின. பிறகு கனடாவில் இருக்கும் மகன் கேஷவின் பெயர் போயிற்று. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டும் எப்படியோ அவருக்குத் தெரிந்தது. பதினொன்றரைக்கு அலமாரியிடம் போய்விடுவார்.

ஒரு ஞாயிறு அங்கிருந்து சத்தமே வரவில்லை. மாதங்கி திரும்பிப் பார்த்தாள். இரண்டு பாட்டிலும் திறந்திருந்தன. ஐஸ் கிண்ணத்தில் உருகிக்கொண்டிருந்தது. அவர் கரண்டியைப் பிடித்தபடி நின்றார்.

"மாதங்கி, எதை முதல்ல விடணும்?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள், கொஞ்சம் எரிச்சலோடு.

"நீதான் வாராவாரம் பாத்திண்டிருக்கியே" என்றார் அவர்.

அவள் பார்த்ததே இல்லை.

இனியும் அதைக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டாள். "அளவைப் பாதியாக்குங்க, மாத்திரைய சாயங்காலத்துக்குத் தள்ளிடுங்க. அவரே ஒரு நாள் மறந்துடுவார்" என்றார் அவர். அந்தக் கடைசி வாக்கியம் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளோடு வந்தது.

ஃபோனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். கோப்பையை முன்கூட்டியே ஃப்ரீசரில் வைக்க வேண்டும். ஜின் முப்பது மில்லி. வெர்மூத், அதாவது மூலிகை ஊறிய வெள்ளை ஒயின், ஐந்து மில்லி. நிறைய ஐஸ் போட்டு முப்பது விநாடி கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது. வடிகட்டி, ஒரு கீற்று எலுமிச்சைத் தோலை முறுக்கிப் போட வேண்டும். ஆய்வகத்தில் பிடித்த அளவுக் குடுவையை மறுபடி பிடித்தபோது கை ஆடவில்லை. ஆனால் முதல் ஞாயிறு கரண்ட் போய் ஐஸ் கரைந்துவிட்டது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு மரியாதையாகக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இது இல்லை."

நாலாவது ஞாயிறு சரியாக வந்தது. அவர் கண்ணை மூடி, முழுவதும் குடித்தார். ஆனால் அன்றோடு வெர்மூத் தீர்ந்துபோனது.

ஜின் தஞ்சாவூரிலேயே கிடைத்தது. வெர்மூத் என்று கேட்டால் கடைக்காரர், "அது எந்த பிராண்டு மேடம்?" என்றார். அடுத்த ஞாயிறு கல்யாணம் அலமாரிக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டே இருந்தார். "எங்கே? எங்கே?" என்று கேட்டுக் கேட்டு, ஒரு மணிக்கு அழ ஆரம்பித்தார். சாப்பிடவும் இல்லை.

கேஷவ் ஃபோனில் சொன்னான். "ஐஸ் தண்ணில எலுமிச்சந்தோலைப் போட்டுக் குடும்மா. அப்பாவுக்குத் தெரியவா போறது?"

கொடுத்துப் பார்த்தாள். தெரிந்தது.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு பிரகதீஸ்வரியை அவரோடு உட்காரவைத்துவிட்டு, உபைதுல்லாவின் டாக்ஸியில் புதுச்சேரி ஆட்சியில் இருப்பதால் எல்லா மதுவும் கிடைக்கும் காரைக்காலுக்குக் கிளம்பினாள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றார்கள். அதைத் தாண்டினால் ரோட்டில் பாதி வரை குறுவை நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள்.

"எதுக்கு மாமி காரைக்கால்? சனீஸ்வரனா?" என்று கேட்டார் உபைதுல்லா.

அவள் உள்ளதைச் சொன்னாள். அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "கடை வாசல்ல நிறுத்துறேன் மாமி. பாட்டிலை மட்டும் நான் தொட மாட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

மூன்றாவது கடையில் கிடைத்தது. வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த மரியாதையில் அவளுக்குக் காது சூடாகியது. பாட்டிலைப் புடவைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

எல்லைச் சோதனைச் சாவடியில் ஒரு பெண் காவலர் கதவைத் திறந்தார். "மடியில என்னம்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. எடுத்துக் காட்டினாள்.

"இதை இங்கேருந்து எடுத்துட்டுப் போகக் கூடாதும்மா. ஒண்ணுன்னாலும் அப்படித்தான்."

"என் ஆத்துக்காரருக்கு. அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை. இது ஒண்ணுதான் இருக்கு."

"எங்க மாமனாருக்கும் அப்படித்தான்மா இருந்துச்சு" என்றார். பாட்டிலை வாங்கி மேஜையின் கீழே வைத்தார். "கேஸ் போடலை. நீங்க கெளம்புங்க."

திருவாரூர் வரை மாதங்கி வெறும் தலைப்பை மடியில் மடித்து மடித்துப் பிரித்தாள்.

மறுநாள் வெர்மூத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தாள். அதில் ஊறும் முக்கிய மூலிகையின் அறிவியல் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நம் மரிக்கொழுந்தும் அதே பேரினம். பூச்சந்தைக்குப் போய் இரண்டு கொத்து வாங்கினாள். ஜின் வாங்கிய கடையிலேயே கிடைத்த ஒரு வெள்ளை ஒயினில் மரிக்கொழுந்து, கொஞ்சம் கொத்தமல்லி விதை, எலுமிச்சைத் தோல் போட்டு மூடி வைத்தாள். மணிக்கொரு தரம் முகர்ந்து பார்த்தாள். இரண்டு நாள் பாட்டில் சமையலறையில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு அவர் வந்து நின்றார். அவர் பார்க்கும்படியாகவே கலக்கினாள். முப்பது விநாடியை வாய்விட்டு எண்ணினாள். கோப்பையில் பனி பூத்திருந்தது. நீட்டினாள்.

அவர் உதட்டருகே கொண்டுபோய், குடிக்காமல் நிறுத்தினார். மூக்கை வைத்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"மரிக்கொழுந்து" என்றார் தெளிவாக.

ஆறு மாதமாக அவர் எந்தப் பொருளுக்கும் பெயர் சொன்னதில்லை. மாதங்கி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாம்னா! மரிக்கொழுந்துதான்! குடிச்சுப் பாருங்கோ."

அவர் குடிக்கவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி அவளிடமே நீட்டினார்.

"இது மாதங்கிக்குப் பிடிக்கும். உள்ளே இருப்பா. அவள்ட்ட கொண்டு போய்க் குடுத்துடறேளா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடம் உதவி கேட்கும் கூச்சம்தான் அதில் இருந்தது.

"குடுக்கறேன்" என்றாள்.

சமையலறைக்குப் போனாள். கோப்பையைக் கீழே ஊற்ற மனம் வரவில்லை. அடுப்பு மேடையோரம் நின்று ஒரு வாய் குடித்தாள். கசந்தது, தொண்டை எரிந்தது. அப்புறம் மீதியையும் குடித்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

கூடத்தில் அவர் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"குடுத்தேளா?"

"குடுத்தேன்."

"என்ன சொன்னா?"

அவர் முகத்தில் கவலை படர்வதைப் பார்த்துவிட்டு, "நன்னா இருக்குன்னா" என்றாள்.

அவர் தலையசைத்தார். கொஞ்ச நேரத்தில் தட்டைப் போட்டதும், ரசஞ்சாதத்தைப் பிசைந்து அவள் ஊட்ட ஊட்ட ஒழுங்காகச் சாப்பிட்டார். அடுத்த ஞாயிறு பதினொன்றரை ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. அவர் ஜன்னலோரத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.