ஆன்லைன் கடையும் அம்மாவுக்கு வெச்ச முதல் படியும்

மைக் புடிச்சிப் பேசுற ஆளு இல்ல நானு. ஆனா காளியம்மா எனக்குச் செஞ்சதை உங்ககிட்ட சொல்லலன்னா எனக்குச் சோறு எறங்காது.

போன கார்த்திகையில வந்த சோதனை இது. மலை மேல புதூர்நாட்டுல ரோட்டோரமா சாமை, தேன் விக்கிற சின்னக் கடை என்னுது. எங்க வூட்டுக்காரரு ஜீப்பு ஓட்டுறாரு. எங்க பக்கத்துப் பொம்பளைங்க பதினோரு பேரு அவங்க சாமையை வியாபாரிக்குப் போடாம என்னை நம்பிக் குடுத்திருந்தாங்க. பெங்களூர்ல ஹாஸ்டல் நடத்துற ஒரு அம்மா மாசா மாசம் வாங்கிக்கிறேன்னு சொல்லிச்சு. ஆனா வெப்சைட்ல கிரெடிட் கார்டுல கட்டுற வசதி இருக்கணுமாம். மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன், இல்லன்னா வேற எடம்னு சொல்லிடுச்சு.

திருப்பத்தூர்ல வெப்சைட் போட்டுத் தர்றவருகிட்ட போனேன். "கடையைப் பத்தி ரெண்டு வரி சொல்லுங்க"ன்னாரு. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "நீங்க வாங்குற ஒவ்வொரு மூட்டையிலயும் முதல் படி காளியம்மாவுக்குக் காணிக்கை"ன்னு எழுதச் சொன்னேன். மேல அம்மா படம். பாக்கறப்போ பெருமையா இருந்துச்சு.

கார்டுப் பணத்தை வாங்கித் தர்ற கம்பெனிக்கு பேன் கார்டு, பாஸ்புக், கடை போட்டோ எல்லாம் அனுப்பினோம். நாலாம் நாளு முடியாதுன்னு மெயில் வந்துச்சு. எல்லாம் இங்கிலீஷு. கோயில் டிரஸ்ட் பத்திரம் இருக்கான்னு கேக்கறாங்கன்னு வெப்சைட் போட்டவரு சொன்னாரு. அவருக்கும் புரியல, எனக்கும் புரியல. யாரோ கண்ணு வெச்சிட்டாங்கன்னு நெனச்சு, அம்மா படத்தை இன்னும் பெருசாப் போடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். சிரிக்காதீங்க. ரெண்டாவது வாட்டியும் தள்ளிட்டாங்க. இன்னொரு வாட்டி தப்பாச்சுன்னா இனிமே எடுத்துக்கவே மாட்டோம்னு வேற போட்டிருந்தாங்க.

மாசம் முடிய ஆறே நாளு. கையும் ஓடல, காலும் ஓடல. அடுக்கி வெச்ச மூட்டையைப் பாத்தாலே பயம். வண்டு வுழுந்தா அந்தப் பொம்பளைங்களுக்கு இன்னா பதில் சொல்றது? "இன்னாக்கா, கார்டு விஷயம் இன்னா ஆச்சு?"ன்னு கேப்பாங்க. "ஆவுது, ஆவுது"ன்னு பொய் சொல்லுவேன்.

மறுநாளு வெள்ளிக்கிழமை. கோயில்ல உக்காந்து அழுதேன். "எனக்கு இங்கிலீஷு தெரியாது தாயே. இன்னா தப்புன்னு தமிழ்ல சொல்ற ஒரு ஆளை அனுப்பு." அவ்ளோதான் கேட்டேன்.

எறங்கி, சிக்னல் கெடைக்கிற வளைவுக்கு வர்றேன், போன் அடிக்குது. அந்தக் கம்பெனிப் பொண்ணு. தமிழ்ல பேசிச்சு.

"அம்மா, நீங்க சாமை விக்கிறீங்களா, கோயிலுக்கு வசூல் பண்றீங்களா?"

"விக்கிறேன்மா."

"அப்போ அந்தக் காணிக்கை வரியை எடுத்துடுங்க. பாக்கறவங்களுக்கு வசூல் மாதிரி தெரியுது. படம் சின்னதா இருந்தா பரவால்ல."

கேட்ட ஆளு வந்துடுச்சு. ஆனா காசுக்காக அம்மா பேரை அழிக்கறதா? இது அவ பதிலா, இல்ல என்னைச் சோதிக்கிறாளா? ரெண்டு நாளு முடிவே எடுக்க முடியல.

மூணாம் நாளு எங்க நெலத்துச் சாமையைக் களத்துல அடிச்சு முடிச்சோம். எங்க வூட்டு வழக்கம் ஒண்ணு இருக்கு. வாயைத் துணியால கட்டிக்கிட்டு, முதல் படியை அளந்து, அம்மா காலடியில வெச்சிட்டு, யாருகிட்டயும் பேசாம திரும்பணும். கல்யாணமான நாள்ல இருந்து செய்யறேன். அன்னிக்கு முடிச்சு போடுறப்போ கை அப்படியே நின்னுபோச்சு. அவளுக்குக் குடுக்கறதை வாயால கூட சொல்லக்கூடாதுன்னுதானே துணி கட்டுறோம். நான் அதை ஊரு உலகமே பாக்க எழுதி மாட்டியிருக்கேன். வெக்கமா போச்சு. கட்டின வாயோடயே அழுதேன்.

அன்னிக்கே வரியை எடுத்து, படத்தைச் சின்னதாக்கி, கம்பெனிக்கு மறுபடி அனுப்பச் சொன்னேன். மாசம் முடிய ஒரு நாளு இருக்கறப்போ கம்பெனி ஒத்துக்கிச்சு. "கார்டுல கட்டிட்டேன்"னு பெங்களூர் அம்மா போன் பண்ணப்போ, கடை வாசல்லயே உக்காந்துட்டேன். இன்னிக்கும் மாசா மாசம் எங்க ஜீப்புலதான் மூட்டை எறங்குது.

உங்களுக்கும் கஷ்டம் இருந்தா அவகிட்ட கேளுங்க. பதில் நமக்குப் புடிச்ச மாதிரி வராது. எனக்குத் திட்டு மாதிரிதான் வந்துச்சு. அப்பவும் நம்புங்க. அவ எனக்குச் செஞ்சதை எத்தனை பேருகிட்ட வேணாலும் சொல்லுவேன். அந்த மாசம் நான் அவளுக்கு இன்னா வெச்சேன்னு மட்டும் கேக்காதீங்க.