ஜீப்புக்கு அடியில் ஒரு தகடு

போன ஞாயிற்றுக்கிழமை, காரியாபட்டி தாண்டி ஒரு கரிசல் பாதையில், என் ஜீப்பிலிருந்த மொத்தப் பேரும் குதித்து ஓடினார்கள். எல்லோரும் சிவகாசியிலிருக்கும் என் மாமனார் வீட்டு ஆட்கள். பட்டுச்சேலையும் பட்டுவேட்டியுமாக, பெண் பார்க்கப் போகிற கோலத்தில், கருவேலங்காட்டுக்குள் ஓட்டம்!

காரணம்? என் ஜீப்புக்கு அடியில் நான் ஆசை ஆசையாகச் செய்து மாட்டிய தகடு.

என் ஜீப்பின் அருமை பெருமை உங்களுக்குத் தெரியும். நான் எழுதும் இந்தப் பக்கத்தில் அதைப் பற்றிப் புலம்பாத மாதம் கிடையாது. வயசான வண்டி. இன்ஜினுக்குக் கீழே ஆயில் நிற்கிற சம்ப், மேட்டில் ஏறினாலே தரையில் தட்டும். சித்திரையில் ஆலங்குளம் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் அதைக் கிழித்தே விட்டது. ஆயில் மொத்தமும் ரோட்டில்.

அன்றைக்குப் போனதும் பெண் பார்க்கத்தான். என் மச்சினன் கணேசனுக்கு. நல்ல நேரம் எல்லாம் முடிந்து, பொழுது சாயும்போது போய்ச் சேர்ந்தோம். "வரும்போதே தடங்கலாயிருச்சே" என்று பெண் வீட்டார் கும்பிடு போட்டுவிட்டார்கள்.

கணேசனுக்கு சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆபீஸில் வேலை. ஆலையை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். வெடிமருந்து கலக்குகிறவன். பீடி, சிகரெட், தண்ணி எதுவும் கிடையாது. இருந்தும் 'மருந்து' என்று கேட்டவுடன் ஜாதகம் திரும்பி வந்துவிடும். முப்பது தாண்டியாயிற்று. வேலையைச் சொல்லியும் சரி என்று வந்த ஒரே இடத்தை என் ஜீப் கெடுத்தது. எனக்கு அது நிஜமாகவே வலித்தது.

தீபாவளி லோடு எல்லாம் போய் அவனுக்கு லீவு கிடைத்த சமயம், காரியாபட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம். மழையில் பாதை கிடந்த கிடைக்கு, வாடகை வேன்காரர்கள் வரமாட்டோம் என்றார்கள். மறுபடியும் என் ஜீப்!

"பொண்ணோட அம்மாவுக்கு அரை மனசுதானாம். வந்து பாருங்கன்னு மட்டும் சொல்லிருக்காக" என்றாள் என் மனைவி. "இந்தத் தடவையும் ஒங்க ஜீப்பு மக்கர் பண்ணுச்சு... நீங்க அது கூடவே குடும்பம் நடத்துங்க."

ரோஷம் வந்துவிட்டது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். காடு மலை ஏறுகிற வெளிநாட்டுக்காரர்கள் வண்டிக்கு அடியில் கவசம் மாதிரி ஒரு தகடு மாட்டுகிறார்கள். ஸ்கிட் பிளேட் என்று பெயர். என் ஜீப்பின் வயசுக்கு ரெடிமேடாகக் கிடைக்காது. செய்தால்தான் உண்டு.

சிவகாசியில் என் சிநேகிதன் ராசு வொர்க் ஷாப் வைத்திருக்கிறான். அவனும் நானும் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, பழைய காலண்டர் அட்டையை வெட்டி வெட்டி அளவு எடுத்தோம். அதை வைத்து கனமான இரும்புத் தகட்டை வெட்டி, முன்பக்கம் மேல் நோக்கி வளைத்து, ஆயில் மாற்ற ஒரு ஓட்டை, சூடு வெளியேற வரிசையாகச் சில ஓட்டைகள் போட்டு, சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கினோம். தட்டிப் பார்த்தேன். கணீர் என்றது. அப்போதே நான் கிளம்பியிருக்க வேண்டும்...

"இரும்பு கல்லுல உரசுனா பொறி பறக்கும்ல?" என்றான் ராசு.

பறந்தால் என்ன? கேட்கத் தோன்றவில்லை. அவன் வாழ்நாள் முழுக்கப் பட்டாசு ஆபீஸுக்குத் தட்டும் மேஜையும் தள்ளுவண்டியும் செய்தவன். அங்கே இரும்பு சும்மா கிடந்தாலே திட்டு விழும். பழைய கன்வேயர் ரப்பரைத் தகட்டின் அடியில் முழுசாக ஒட்டி, ஓரங்களை மேலே மடித்தும் விட்டான். சூடு போக வைத்த ஓட்டைகள் எல்லாம் அடைபட்டன. பஞ்சு மெத்தை மாதிரி ஆயிற்று என்று நானும் பூரித்துப்போய் வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்லெல்லாம் மெத்து மெத்தென்றுதான் தட்டியது. பெருமையாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஃபர்ஸ்ட் கியரிலேயே ஊர்ந்ததில், சைலன்சர் குழாய் சூடேறி, மடித்துவிட்ட ரப்பரைச் சுட ஆரம்பித்தது.

லேசாகத்தான் கருகல் வாடை வந்தது.

எங்கள் விருதுநகரில் எண்ணெய் காய்கிற வாடை வந்தால் பசி எடுக்கும். சிவகாசியில் கருகல் வாடை வந்தால் கால் எழும்பும். முதலில் குதித்தவன் கணேசன். "ஓடு! ஓடு!" என்று ஒரே சத்தம். பின்னாலேயே பழத்தட்டு, பூக்கூடை, என் மனைவி. முட்டி வலியென்று ஸ்டூல் போட்டு ஜீப்பில் ஏறுகிற என் மாமியார்கூட... அடேயப்பா! எதற்கு ஓடுகிறோம் என்று மட்டும் என்னிடம் யாரும் சொல்லவில்லை.

நான் இன்ஜினை அணைத்தேன். இறங்கி, குனிந்து அடியில் பார்த்தேன். குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றினேன். புகை அடங்கியது. ஒரு பெருமிதத்தோடு நிமிர்ந்தால்... எதிரே வேப்பமரத்தடியில் பெண் வீட்டார். எங்களை வரவேற்க ஊர் எல்லைக்கே வந்து நின்றிருக்கிறார்கள். எல்லாவற்றையும் பார்த்தாயிற்று.

கணேசன் ஒற்றைச் செருப்போடு, வேட்டியெல்லாம் முள்ளாக வந்தான். "போச்சு அத்தான். மொத ஆளா ஓடுனேன். அம்மாவக்கூடத் திரும்பிப் பாக்கல" என்றான். கண் கலங்கியிருந்தது.

வீட்டில் காபி வந்தது. கொண்டுவந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் பெண்ணின் அம்மா முன்னால் வந்து நின்றார்.

"மொதல்ல ஓடுனது நீங்கதான தம்பி?"

கணேசன் தலை குனிந்தான்.

"எனக்குப் பொறந்த ஊரு சிவகாசிக்குப் பக்கத்துல விஸ்வநத்தம். கல்யாணத்துக்கு முன்ன நானும் எங்க அண்ணனும் ஒரே பட்டாசு ஆபீஸ்ல வேல பாத்தோம். ஒரு நா இப்பிடித்தான் வாட வந்துச்சு. நான் ஓடிட்டேன். அண்ணன், என்னன்னு பாத்துட்டு வாரேன்னு குனிஞ்சுச்சு... வரல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மருந்து வேலன்னதும் மனசு ஒப்பல. இப்ப ஒப்புது. ஓடத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் என் மகளக் குடுப்பேன்."

என் மாமியார் வாய்விட்டு அழுதுவிட்டார். கணேசன் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"குனிஞ்சு பாத்துக்கிட்டு நின்னாகளே, இவுக யாரு?"

"மூத்த மாப்ள" என்றார் என் மாமியார், மெதுவாக. "விருதுநகரு."

"அதான்!"

தை மாதம் கல்யாணம். ராசுவிடம் போய் ரப்பரை உரித்துவிட்டேன். இப்போது கல் உரசினால் பொறி பறக்கிறது, ஜீப் நன்றாக இருக்கிறது.

நேற்று அடுப்பில் பால் அடிப்பிடித்தது. வாடை வந்த வேகத்தில் நான் தெருவில் நின்றேன்.

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல்: "ஓடுனது சரி... அடுப்புப் பக்கத்துலதான நின்னீக, அணைச்சுட்டு ஓடக் கூடாதா?"