சந்தனம் படாத டிஸ்க்

ஷம்சாத் அக்காவால் ஓர் இடத்தில் உட்காரவே முடியாது. டைப் அடிக்கும்போது கால் நாற்காலிக் கம்பியைத் தட்டிக்கொண்டே இருக்கும். பக்கம் அச்சாகி வருவதற்குள் ஜன்னலுக்குப் போய், பீச் ஸ்டேஷன் போகும் மின்சார ரயில் கிளம்பிவிட்டதா என்று பார்த்துவிட்டு வருவார்.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் சம்பத் சாரின் ஜாப் டைப்பிங் சென்டர். 1990இல் தொடங்கியபோதே அக்காதான் ஆபரேட்டர். பிளஸ் டூ முடித்துவிட்டு 1997இல் நான் அங்கே டைப்பிங் பழகப் போனேன். டியூஷன் வினாத்தாள், சர்ச் அறிக்கை என்று அக்காவின் ஏழு வருட உழைப்பு பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. எல்லாம் விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் ஒரு தமிழ் சாஃப்ட்வேரில் அடித்தவை. வேறெதிலும் திறந்தால் எழுத்து எழுத்தாக இருக்காது.

ஒரு நாள் சம்பத் சார் சொன்னார். "சனிக்கிழமை விண்டோஸ் 95 மெஷின் வருது. பழசு எக்ஸ்சேஞ்சுல போயிடும். நம்ம ஃபைல் அதுல திறந்தா நீயே உக்காரு. இல்லன்னா விண்டோஸ் படிச்ச பொண்ணைத்தான் நான் பார்க்கணும். தப்பா நினைக்காதே."

அக்கா அன்று ஜன்னலுக்குப் போகவே இல்லை.

சனிக்கிழமை கம்ப்யூட்டர் கடையிலிருந்து முனிரத்தினம் புது மெஷினோடு வந்தார். பழைய ஃபைல்களையும் சாஃப்ட்வேரையும் அப்படியே நகலெடுத்துப் போட்டார். சாஃப்ட்வேர் ஓடவில்லை. ஒரிஜினல் டிஸ்க்கிலிருந்து புதிதாக ஏற்றச் சொல்லி நின்றுவிட்டது. ஒரிஜினலோ பெரிய ஃபிளாப்பி. புது மெஷினில் சின்ன ஃபிளாப்பிக்கு மட்டுமே வாய் இருந்தது.

"பழசுல இருக்குற ஃபிளாப்பி டிரைவைக் கழட்டி இதுல மாட்டு" என்றார் அக்கா.

"இன்னாக்கா வெளாடுறியா? பழச மூஞ்சில ஓட்டயோட எடுத்துகினு போனா மொதலாளி என்னியத்தான் எக்ஸ்சேஞ்சுல போட்டுடுவாரு."

"ஒரு மணி நேரம் குடுப்பா. திருப்பி மாட்டிடலாம்."

அவர் யோசிப்பதற்குள் அக்கா ஸ்குரூ டிரைவரை எடுத்துவிட்டார்.

டிரைவ் மாட்டியதும் சம்பத் சார் பீரோவைத் திறந்து ஒரிஜினல் டிஸ்க்கைப் பெருமையோடு எடுத்து வந்தார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவரே கையால் வைத்த சந்தனமும் குங்குமமும் அதன்மேல் காய்ந்து கிடந்தன. முனிரத்தினம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இது இன்னா சார், சாமிப் படமா? மெஷினு படிக்கிற எடத்துலயே பூசி வெச்சிகீற!"

சாருக்கு முகம் செத்துவிட்டது. "நானே கெடுத்துட்டேனா ஷம்சாத்? உன் வேலைக்கு நானே..."

அக்கா இரண்டு தடவை கதவு வரை போய்த் திரும்பினார். பிறகு கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த இன்னொரு டிஸ்க்கை மேஜைமேல் வைத்தார்.

"இதான் சார் ஒரிஜினல். மொத பூஜைக்கு முன்னாடியே லேபிளை உரிச்சு ஒரு காலி டிஸ்க்குல ஒட்டிட்டேன்."

"ஏழு வருஷமா காலி டிஸ்க்குக்கா பூஜை பண்ணேன்? ஏன் சொல்லல?"

"பூஜை வேணாம்னு நான் சொன்னா வேற மாதிரி ஆயிடும்னு பயந்தேன் சார்."

சார் நாற்காலியை அக்கா பக்கம் தள்ளினார்.

அக்கா உட்காரவில்லை. நின்றபடியே டிஸ்க்கைப் போட்டார். விண்டோஸுக்குள் அதுவும் ஏறவில்லை. முனிரத்தினம் உதட்டைப் பிதுக்கினார். மெஷினை நிறுத்தப் போன அக்கா, அங்கே வந்த பட்டியலைப் பார்த்து நின்றார்.

"இதுல டாஸ்ல ஆரம்பிக்கணுமான்னு கேக்குதே. கேட்டா சொல்ல வேண்டியதுதானே?"

திரை கறுத்தது. பழக்கமான வெள்ளை எழுத்து வந்தது. டிரைவ் கரகரவென்று சுற்றியது. பத்து நிமிடத்தில் சேலையூர் டியூஷன் சென்டரின் அரையாண்டு வினாத்தாள் புதுத் திரையில் தமிழாகவே நின்றது. "திங்கக்கிழமை வழக்கம்போல வந்துடும்மா" என்றார் சார். முனிரத்தினம் டிரைவைப் பழைய மெஷினில் திருப்பி மாட்டி, அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அன்றிலிருந்து மத்தியான நேரத்தில் அக்கா விண்டோஸும் பழக ஆரம்பித்தார்.

அந்த வருட ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு வந்த சார் சற்றுத் தயங்கினார்.

"எந்த டிஸ்க்கும்மா?"

அக்கா பீரோவிலிருந்த அதே காலி டிஸ்க்கை நீட்டினார். சார் எப்போதையும்விடத் தாராளமாக அப்பினார்.

"சீக்கிரம் சார்" என்றார் அக்கா. கால் தட்டிக்கொண்டிருந்தது.