ஜெனரலின் வளைப்பும் டாங்கி ஓட்டுநரின் வயிறும்

ஹின்ரிக் பிராமரிடம் கார் ஓட்டப் பழகியவர்கள் எங்கள் ஜெர்மன் ஊரில் பாதிப்பேர். பழகியவர்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். திட்டு வாங்கியவர்கள் என்பதுதான் சரி. போரில் ஐந்து வருடம் டாங்கி ஓட்டியவர். டாங்கியின் ஒரு சாண் அகலப் பார்வைப் பிளவு வழியாகவே ரஷ்யா முழுவதையும் பார்த்த மனுஷனுக்குக் காரின் முன்கண்ணாடி அநாவசிய ஆடம்பரமாகத் தெரிந்தது. என்னை மூன்று முறை தேர்வுக்குக் கூட்டிப்போனார், மூன்று முறையும் கோட்டை விட்டேன். குற்றம் என்னுடையது என்று இன்றுவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனாலும் அவரிடம் கூட்டம் குறையவில்லை. ஜெனரல் ஃபான் ட்ரெட்டோவின் டாங்கியை ஓட்டிய கை என்றால் சும்மாவா? கொல்லன் மகன், பத்தொன்பது வயதில் படைக்குப் போனவர், பிடிபட்டுக் கிடந்து 1947-இல் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். கொண்டுவந்த ஒரே சொத்து அந்தப் பெருமைதான். அதை வைத்துத்தான் பிழைத்தார்.

சந்தை மூலையில் இருக்கும் மதுக்கடை என்னுடையது. அடுப்போரத்து வட்ட மேசை, ஹின்ரிக்கையும் சேர்த்து, பழைய டாங்கிக்காரர்கள் ஏழு பேருக்கு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் வந்து உட்காருவார்கள். தெரியாமல் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் அவர் எழுந்து போகும்வரை ஏழு பேரும் நின்றபடி முறைப்பார்கள். 1945-இல் தோற்ற போரை 1956 வரை வாராவாரம் அந்த மேசையில் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். நம் தளபதிகள் எல்லாரும் மேதைகள், தோற்கடித்ததெல்லாம் பனியும் சேறும் ஹிட்லரும்தான் என்பது அங்கே முடிந்த முடிவு. டாங்கி போன வழியில் இருந்த கிராமங்களில் யார் குடியிருந்தார்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை, பீர் ஊற்றினேன். அதில் எனக்கு வெட்கம் உண்டு.

அவர்களுடைய மேதைகளில் முதல் மேதை ட்ரெட்டோ. 1941 இலையுதிர் காலத்தில், அப்போது அவர் கர்னல், மூடுபனியில் முப்பத்தெட்டு டாங்கிகளைத் திடீரென்று இடதுபக்கம் வளைத்து, எதிரியின் முதுகுப்பக்கமாகப் போய் ஒரு பாலத்தைப் பிடித்தார். அதற்கு ‘ட்ரெட்டோ வளைப்பு’ என்றே பெயர். 1956 வசந்தத்தில் தன் நினைவுகளைப் புத்தகமாகப் போட்டபோது அந்த ஒரு காலைக்கு மட்டும் பதினேழு பக்கம் ஒதுக்கியிருந்தார்.

வினை அடுத்த அத்தியாயத்தில் இருந்தது. 1942 வசந்தத்தில் அதே வளைப்பை இன்னொரு இடத்தில் செய்யப்போய், பனி உருகிய சதுப்பில் பதினொரு டாங்கிகள் புதைந்துபோயின. எதிரி நிதானமாகக் குறிபார்த்துச் சுட்டான். தரை தாங்காது என்று பொறியாளர்கள் முன்கூட்டியே எச்சரித்தார்களாம். ஜெனரலின் டாங்கியில் இருந்த வானொலி ஆள் டீட்யென் என்பவன் பயத்தில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டானாம். புத்தகத்தில் அப்படி இருந்தது. ஆர்னுல்ஃப் டீட்யென் அன்றைக்கே செத்துப்போனவன். அவன் மனைவி மேட்டா என் சமையலறையில் வேலை செய்தாள்.

அன்றிலிருந்து மேட்டாவை ஊர் ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தது. போதாக்குறைக்கு, தேவாலயத்து வாசலில் முதல் உலகப் போரில் செத்தவர்களின் பெயர்க் கல்லுக்குப் பக்கத்தில் இந்தப் போருக்கும் ஒரு கல் வைக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பெயர்ப் பட்டியல் ரொட்டிக்கடை லூடர்ஸ் கையில். அவர்தான் படைவீரர் சங்கத் தலைவர். புத்தகத்தைப் படித்து முடித்ததும் பென்சிலை எடுத்து ஆர்னுல்ஃபின் பெயரை அடித்துவிட்டார். மேட்டா அவர் கடைக்கே போய்க் கேட்டாள். ஜெனரலே எழுதியிருக்கிறபோது நான் என்ன செய்ய என்று கையை விரித்தார்.

திரும்பி வந்தவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அவரைப் புதைச்ச இடம்கூட எனக்குத் தெரியாதுக்கா. கல்லுல பேராவது இருந்தா, நின்னு ஒரு பூ வைப்பேன். வேற என்ன கேட்டேன்?"

கல் திறப்பு நவம்பரில், போரில் இறந்தவர்களை நினைக்கும் ஞாயிறன்று. அதற்கு இரண்டு ஞாயிறு முன்னால் ஜெனரலே புத்தகத்தில் கையெழுத்துப் போட என் கடைக்கு வந்தார். உயரம், வெள்ளை முடி, நல்ல மரியாதை தெரிந்தவர். நான் வைத்த பன்றிக்கறியையும் முட்டைக்கோஸையும் பாராட்டினார். எங்கே இவரை எனக்குப் பிடித்துப்போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

வட்ட மேசையில் அவரை நடுவில் உட்காரவைத்தார்கள். அவர் ஹின்ரிக்கின் தோளில் கைபோட்டு, வளைப்பு நடந்த காலையைச் சொல்லும்படி கேட்டார். ஹின்ரிக் நூறு தடவை சொன்ன கதைதான். கர்னலின் கழுகுக்கண்ணில் ஆரம்பித்துப் பாலத்தில் முடியும். எழுந்தார். அந்த நேரம் பார்த்து மேட்டா தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்தார். கையிலிருந்த பீர்க் குவளையை மேசையில் வைத்தார்.

"வளைப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க ஜெனரல் ஐயா," என்றார். "எனக்கு வயித்தால போச்சு."

முந்தின நாள் எங்கேயோ தோட்டத்தில் பறித்த பிளம் காய்களைத் தின்றிருக்கிறார். காலையில் வயிறு கலக்கிவிட்டது. மேலே கர்னல் அசந்து தூக்கம். இடதுபக்கம் ஒரு புதர் தெரிந்ததும் வண்டியை அங்கே திருப்பிவிட்டார். அன்றைய கட்டளை என்னவென்றால், வானொலியில் பேசக்கூடாது, முன்னால் போகிற டாங்கியின் தடத்திலேயே போக வேண்டும், கேள்வி கேட்கக்கூடாது. நம் ஆட்களிடம் கட்டளை என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் போதாதா? இவர் புதருக்குப் பின்னால் வேலையை முடித்து, கால்சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால், மிச்ச முப்பத்தேழு டாங்கிகளும் வரிசை பிசகாமல் பின்னால் நின்று காத்துக்கொண்டிருந்தனவாம். பனி விலகியது. எதிரே பாலம். எதிரிகள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கர்னல் எழுந்து கண்ணைக் கசக்கி, பாலத்தைப் பார்த்து, "சரி" என்றாராம். பதினேழு பக்கத்தில் உண்மை அந்த ஒரு வார்த்தைதான்.

கடையே சிரித்தது. லூடர்ஸுக்குப் பீர் மூக்கில் ஏறிவிட்டது. ஜெனரல் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் மனுஷன் சாமர்த்தியசாலி.

"அதிர்ஷ்டத்தைச் சட்டுன்னு பிடிச்சுக்கிறதும் ஒரு தளபதியோட திறமைதான், பிராமர்," என்றார்.

"இருக்கட்டுங்கய்யா. அடுத்த வசந்தத்துல அந்த அதிர்ஷ்டத்தையே திட்டம்னு நம்பி வளைக்கச் சொன்னீங்க. தரை இளகிக் கிடக்குன்னு ஆர்னுல்ஃப் மூணு தடவை சொன்னான். எனக்குப் பக்கத்து இருக்கை அவன். அவன் காதுல இருந்த கருவிதான் என் காதுலயும். மூணாவது தடவை வாயை மூடுன்னு சொன்ன குரலும் எனக்குக் கேட்டுச்சு."

சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லாரும் ஜெனரலைப் பார்த்தார்கள். அவர் இல்லை என்று சொல்லியிருந்தால், என் ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும், அவரைத்தான் நம்பியிருப்பார்கள். அவர் தட்டைப் பார்த்தார். நாளாகிவிட்டால் நினைவு தடுமாறும், அடுத்த பதிப்பில் கவனிக்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டு மேலங்கியைக் கேட்டார். லூடர்ஸ் பட்டியலை எடுத்து, அடித்த பெயரைத் திரும்ப எழுதினார்.

கல் திறப்புக்கு ஜெனரல் வரவில்லை, காய்ச்சலாம். மேட்டா பெயரை விரலால் ஒருமுறை தடவினாள், பூவை வைத்தாள். ஹின்ரிக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். நன்றி சொல்லுவாள், இருவரும் அழுவார்கள் என்று நான் கைக்குட்டையோடு தயாராக இருந்தேன்.

"அந்தக் குரலை அன்னிக்கே கேட்டீங்க, இல்லியா?" என்றாள்.

"ஆமா."

"புத்தகம் வந்து எட்டு மாசம். ஞாயித்துக்கிழமை தவறாம என் கையால சாப்பிட்டீங்க. டாங்கி, குண்டு, எதுக்கும் பயப்படாத ஆளுன்னு ஊரே சொல்லுது உங்கள. எதுக்குப் பயந்தீங்க ஹின்ரிக்? அந்த ஒரு மேசைக்கா?"

அவர் தப்பித்திருக்கலாம். ஜெனரல் கையாண்ட வழி ஒன்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. நினைவு தடுமாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமா மேட்டா," என்றார். "அந்த மேசைக்குத்தான்."