சங்கு ஊதாத நாள்

1. சேர்ந்த நாள்

தொண்ணூறுகளில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லின் குழந்தைகள் காப்பகத்தில் டீச்சராக இருந்தேன். பெயர்தான் டீச்சர். பாதி நேரம் மூக்குத் துடைப்பேன், மீதி நேரம் தரை துடைப்பேன். சேர்ந்த அன்றே ஒரு பயல் மடியில் உட்கார்ந்து என் புதுப்புடவையை நனைத்துவிட்டான். ஆயா ராமாத்தாள் சிரித்தார்.

"ராசியான மடி டீச்சருக்கு. இனி தெனமும் அபிசேகந்தானுங்க."

காப்பகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மில்லின் இடைவேளைச் சங்கு, அதாவது சைரன், ஊதியதும் தாய்மார்கள் பிள்ளைகளைப் பார்க்க ஓடி வருவார்கள். அதற்கு முன் பிள்ளைகளை ஒன்றுக்குப் போக வரிசையாக எனாமல் சட்டியில் உட்கார வைத்துவிடுவோம். சங்கு ஊதும்போது எல்லாம் முடிந்திருக்கும். எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்களாம். நானும் அது சரிதானா என்று யோசிக்கவில்லை.

2. நந்தினி

ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கும், அதாவது நூற்கும் மிஷினின் ஒரு பக்கத்தில் நின்று அறுந்த நூலை ஒட்டும், சரசுவின் மகள் நந்தினி. காங்கேயத்தில் சரசுவின் மாமியாரிடம் வளர்ந்த பிள்ளை. மாமியாருக்கு முடியாமல் போகவே, இரண்டரை வயதுக்கு மேல்தான் எங்களிடம் வந்தாள். வாய் ஓயாமல் பேசுவாள். ராமாத்தாளையே "ஏனுங்க, சோறு உண்டாச்சுங்களா?" என்று விசாரிப்பாள். ஆனால் சட்டியைப் பார்த்தால் போதும், உடம்பு விறகுக்கட்டையாகிவிடும். பிடித்து உட்கார வைத்தாலும் சங்கு ஊதும்வரை ஒரு சொட்டு வராது. எல்லாரும் எழுந்து போன பிறகு தூளிக்குப் பின்னால் நின்று, நின்றபடியே வேலையை முடிப்பாள்.

நாங்கள் செய்யாத வித்தை இல்லை. குழாயைத் திறந்துவிட்டு "உஸ்ஸ்" என்றோம். கடலைமிட்டாய் காட்டினோம். மிட்டாயை வாங்கி மென்றுகொண்டே தூளிக்குப் பின்னால் போனாள். ராமாத்தாளுக்கு வந்ததே கோபம்.

"இத்தனூண்டு இருந்துக்கிட்டு என்ன அழுத்தம் பாருங்க டீச்சர்."

சரசு வீட்டுக்கும் அதே மாதிரி ஒரு சட்டி வாங்கி வைத்தாள். அதைக் கண்டால் பிள்ளை வாசலுக்கு ஓடியதாம்.

காப்பகத்தில் மூன்று வயது வரைதான் வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு பாலர் பள்ளி. துணி நனைக்கிற பிள்ளையைச் சேர்ப்பதில்லை என்று அந்தப் பள்ளியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். சரசுவின் வீட்டுக்காரர் லாரியில் போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. பகலில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. ஒரு நாள் இடைவேளையில் சரசு தலைமுடியில் பஞ்சோடு வந்து நின்றாள்.

"பள்ளிக்கூடத்துல எடுத்துக்கலீன்னா நான் வேலைய உட்டுப்போட்டு ஊருக்குப் போவோணுமுங்க. எங்க மாமியாரும் அதைத்தான் சொல்லி உடறாங்க. எனக்கு இந்த வேலை வேணுமுங்க டீச்சர்."

"பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள பழக்கிடலாம் சரசு" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

3. மோட்டார் கெட்ட நாள்

சங்கு எங்கள் கூரைக்கு நேர் மேலே இருந்தது. ஊதினால் ஜன்னல் கம்பி அதிரும். மற்ற பிள்ளைகள் கைக்குழந்தையிலேயே வந்து, அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவர்கள். எங்களுக்கும் அது ஒரு சத்தமாகவே தோன்றுவதில்லை.

ஒரு நாள் சங்கின் மோட்டார் கெட்டுப்போய்க் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பிள்ளைகளை உட்கார வைத்தோம். நந்தினியையும் ராமாத்தாள் மல்லுக்கட்டி உட்கார வைத்தார். அவள் கண்ணை இறுக்கிக்கொண்டாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். தினமும் நடக்கிற மல்லுக்கட்டில் அந்தக் கைகள் எங்கே போகின்றன என்று நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

நேரம் ஆயிற்று. சத்தம் வரவில்லை. நந்தினி ஒரு கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள்.

"அது ஏனுங்க கத்தலீங்க?"

"சங்கா? கெட்டுப்போச்சு கண்ணு. இன்னிக்கு ஊதாது."

"நா உக்காந்துட்டனுங்களே. நா உக்காந்தா அது கத்துமுங்களே."

இத்தனை நாளும் தான் உட்காருவதால்தான் அது அலறுகிறது என்று நினைத்திருக்கிறது பிள்ளை.

"நீ உக்காந்தா அது ஒண்ணும் பண்ணாது அம்மிணி. அது உங்கம்மாளைக் கூப்பிடற சத்தம்" என்றேன்.

அவள் காதிலிருந்து ஒரு கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொன்றையும் எடுத்தாள். பிறகு எனாமல் சட்டியில் சடசடவென்று சத்தம் கேட்டது. நந்தினி குனிந்து பார்த்துவிட்டு, "வந்துருச்சுங்க" என்றாள். ராமாத்தாள் அவளை அப்படியே தூக்கிக் கொஞ்சியதில் அவருடைய புடவையும் நனைந்தது. அன்றைக்கு அவர் திட்டவில்லை.

4. சரசு சொன்னது

சரசு வந்ததும் நடந்ததைச் சொன்னேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நானெல்லாம் சங்கு எப்ப ஊதும்னு காலை மாத்தி மாத்தி வெச்சு நிப்பனுங்க டீச்சர். நூல் அறுந்துக்கிட்டே இருக்குமுங்க, சைடை உட்டுப்போட்டு நகர முடியாது. ஊதுனாத்தான் எனக்கு ஒண்ணுக்குப் போக முடியும். எம் புள்ளைக்கு அது ஊதுனா வர மாட்டேங்குது பாருங்க."

மறுநாள் மோட்டார் வந்துவிட்டது. நாங்கள்தான் வழக்கத்தை மாற்றினோம். சங்குக்கு ரொம்ப முன்னாலேயே, எந்தப் பிள்ளைக்கு எப்போது வருகிறதோ அப்போது உட்கார வைத்தோம். ஜூனில் நந்தினி பாலர் பள்ளிக்குப் போனாள். சரசு சைடில்தான் இருந்தாள்.

நான் ஸ்பின்னிங் மேஸ்திரியிடம் போய், இடையில் பெண்களை ஐந்து நிமிடம் மாற்றிவிட ஆள் போடக்கூடாதா என்று கேட்டேன்.

"அவங்களுக்கெல்லாம் பழகிப்போச்சுங்க டீச்சர்" என்றார்.

காப்பக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு பிள்ளை அடம்பிடித்தால் அதன் கை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நந்தினி காதைப் பொத்திக் காட்டினாள், நாங்கள் வழக்கத்தை மாற்றினோம். சரசு வாய்விட்டே சொன்னாள். நான் அந்த மில்லிலிருந்து ஓய்வு பெறும்வரை அவள் சங்குக்குத்தான் காத்து நின்றாள்.